அண்ணியின் வேகம்

எங்கள் குடோனில் அண்ணியை அண்ணி என்று கூப்பிடும் உரிமை முறைப்படி ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சந்தின் வாயில் திக்குத் தெரியாமல் நின்றுகொண்டு, "அண்ணி, இது எந்தப் பக்கம் அண்ணி?" என்று கூவினாள். மறுநாளிலிருந்து லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்கள், பேக்கிங் மேஜைக்காரர்கள், வாசல் காவலாளி, அண்ணியைவிட வயதில் மூத்த துப்புரவுக்காரம்மா என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அவர் அண்ணி ஆனார். "அண்ணனே இல்லாதவனுக்கெல்லாம் நான் அண்ணி" என்று அலுத்துக்கொள்வார். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

குடோன் என்பது உயரமான இரும்பு அலமாரிகளும் நடுவே ஆள் போகிற அளவுக்குச் சந்துகளும். அங்கே ஒழுங்கு என்று எதையும் தேடக் கூடாது. பற்பசைக்குப் பக்கத்தில் பொம்மை இருக்கும். பொம்மைக்கு மேல் குக்கர் கைப்பிடி, அதற்கும் மேல் யாரோ எங்கேயோ ஆசைப்பட்டு வாங்கப்போகிற ஒரு ஜோடி செருப்பு. எங்கே காலியோ அங்கே வைப்பதுதான் முறை. எது எங்கே இருக்கிறதென்று மனிதர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அந்தக் கவலை கம்ப்யூட்டருக்கு. மனிதர்கள் கையில் ஒரு ஸ்கேனர் இருக்கும். பிடியும் விசையுமாக அது இருக்கிற லட்சணத்தைப் பார்த்து நாங்கள் அதைத் துப்பாக்கி என்போம். காலையில் அடையாள அட்டையைக் காட்டினால் துப்பாக்கி நம் பேரில் பதிவாகும். பிறகு அது சொல்ல ஆரம்பிக்கும்: இந்தச் சந்து, இந்தத் தட்டு, இந்தப் பொருள். போய் எடுத்து, பார்கோடில் சுட்டு, தள்ளுவண்டிக் கூடையில் போட்டால் அடுத்ததைச் சொல்லும். திரையின் தலைமாட்டில் ஒரு கோடு. வேகம் இருந்தால் பச்சை. சுணங்கினால் மஞ்சள். ரொம்பச் சுணங்கினால் சிவப்பு. அந்தக் கோடு எந்த நிறமோ அன்றைக்கு நாமும் அந்த நிறம்.

அண்ணியின் கோடு மஞ்சளானதை யாரும் பார்த்ததில்லை.

என் பேக்கிங் மேஜை சந்துகளைப் பார்த்த மாதிரிப் போடப்பட்டிருந்ததால் அவர் வேலை செய்வதை நாள்தோறும் பார்க்க முடிந்தது. அவர் ஓடமாட்டார். தள்ளுவண்டியைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போகவும் மாட்டார். வாயிலேயே நிறுத்திவிட்டு வெறுங்கையோடு உள்ளே போய், வரும்போது கைநிறையக் கொண்டுவருவார். துப்பாக்கி ஒரு பொருளைக் காட்டும்போதே அடுத்தது எந்தப் பக்கம் வரும் என்று அவர் கால் திரும்பியிருக்கும். மற்றவர்கள் சரக்கைத் தேடினார்கள் என்றால், சரக்கு அவரை எதிர்பார்த்து விளிம்புக்கு வந்து நிற்கிற மாதிரி இருக்கும். "என்ன அண்ணி, மந்திரமா?" என்று யாராவது கேட்டால், "மந்திரம் இல்லைடா, இத்தனை வருஷமா இதே தரையைத் தேய்ச்சிருக்கேன், அதுக்கும் கொஞ்சம் விசுவாசம் இருக்காதா" என்பார்.

முறைப்படி அண்ணி என்று கூப்பிட உரிமை இருந்த அந்த ஒருத்தி சின்னவள், அவருடைய வீட்டுக்காரருக்குத் தங்கை. வீட்டில் சின்னவள் என்பார்கள், குடோனிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். அவள் புருஷன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறவன். திரும்பி வந்து திறப்பான். திறந்ததும், "நல்லா இருந்தியா?" என்று கேட்பான். அதை யாரிடம் சொன்னாலும், "இவ்வளவுதானா?" என்பார்களாம். அடிபட்ட தழும்பு இருந்தால் காட்டலாம், பூட்டிய கதவை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

இதெல்லாம் அண்ணி பஸ்ஸில் சொன்னது. கம்பெனி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும். பேச்சுக்குப் பதில் பேச்சு பேசாதவர்களோடு அவருக்கு வசதியாக இருந்தது போல. ஜன்னலைப் பார்த்தபடியே சொல்வார்.

அண்ணியின் வீட்டுக்காரர் டெலிவரி வேன் ஓட்டுகிறவர். தங்கையை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு மனசில்லாமல் இல்லை, இடமில்லை. ஹாலில் பாயைப் போட்டால் காலையில் கதவைத் திறக்க முடியாது. அவர் ஒரு கெடு வைத்தார். "வேலை நிரந்தரம் ஆச்சுன்னா தனியா ஒரு ரூம் பார்த்துக்க, நானே வந்து சாமான் இறக்கித் தர்றேன். ஆகலைன்னா உன் வீட்டுக்காரர்கிட்டயே போயிடு. என் வீட்டு ஹால் யாருக்கும் நிரந்தரம் இல்லை." தங்கை தலையாட்டினாள். அண்ணிதான், குடோனுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரிடம் பேசி அவளைக் குடோனில் சேர்த்துவிட்டவர்.

ஏஜென்சி மூலம் வருகிறவர்கள் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் அவர்கள் வேகத்தைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வார்கள் அல்லது அனுப்பிவிடுவார்கள். எந்த வேகம் இருந்தால் வைத்துக்கொள்வார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பச்சை இருந்தால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படி யார் சொன்னார்கள் என்று கேட்டால், எல்லோரும் சொல்கிறார்கள் என்பார்கள்.

சின்னவளின் கோடு மஞ்சள். சில நாள் மதியத்துக்கு மேல் சிவப்பு. அவள் மெதுவானவள் என்று சொல்ல முடியாது, கவனமானவள். ஒரு பொருளை எடுத்தால் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். கண்ணாடிச் சாமான் என்றால் கூடையில் சாய்க்காமல் வைப்பாள். அவள் கூடை என் மேஜைக்கு வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் துப்பாக்கிக்கு மூலை நசுங்கியது தெரியாது, நேரம் நசுங்கியதுதான் தெரியும்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து எல்லோரும் திரும்பும்போது, என் மேஜைக்கு நேர் எதிரே இருந்த சந்தின் உட்பக்கத்தில் அண்ணி அவளை நிறுத்தினார்.

"குடு அதை."

"எதை?"

"துப்பாக்கியை. என்னுதை நீ வெச்சுக்க."

"வேண்டாம் அண்ணி. மாட்டினா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும்."

"எப்படி மாட்டும்? இதுக்கு யார் கைன்னா தெரியப் போகுது? யார் அழுத்தினாலும் ஒரே கத்தல்தான்."

"உங்க கோடு மஞ்சளாயிடும்."

"ஆகட்டுமே. நான் நிரந்தரம். என்னை என்ன பண்ணிடுவாங்க?"

அவ்வளவுதான். இரண்டு துப்பாக்கிகள் கை மாறின. அன்று மாலை சின்னவளின் பேரில் பச்சைக் கோடு ஓடியது. அவளுடைய கை அண்ணியின் துப்பாக்கியை, அடுத்தவர் வீட்டுக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி, கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தது.

ஒரு நாளைக்கு என்று ஆரம்பித்தது வாடிக்கையானது. காலையில் அவரவர் அட்டையைக் காட்டி வாங்குவார்கள். முதல் சுற்றிலேயே சந்துக்குள் மாற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் திரும்ப மாற்றி ஒப்படைப்பார்கள். அண்ணிக்கு இதில் ஒரு விளையாட்டுச் சந்தோஷம்கூட வந்துவிட்டது. தன் பேரில் ஓடினால் பழகிப்போன பச்சை, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சின்னவள் பேரில் ஓடினால் ஒரு புதுப் பெண் நாளுக்கு நாள் பாய்ச்சல் காட்டுகிறாள். வீட்டில் தோசைக்கரண்டியைக் கழுவியபடி, "இன்னைக்கு நீ எப்படி ஓடினே தெரியுமா" என்று சின்னவளிடமே சொல்லிச் சிரிப்பாராம். சின்னவளும் சிரிப்பாள். வேன்காரர் விஷயம் தெரியாமல், "பரவாயில்லையே, நம்ம குடும்ப ரத்தம்" என்று தங்கையை மெச்சிக்கொள்வார். ரத்தம் யாருடையது என்று அண்ணி சொல்லவில்லை.

கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. வேகமான கை என்று தெரிந்தால் அதற்கு நீளமான சுற்றுகளாகக் கொடுக்கும். தூரச் சந்துகள், மேல் தட்டுகள், கனமான பெட்டிகள். சின்னவள் பேரில் அவையெல்லாம் வந்தன, அண்ணி எடுத்தார். அண்ணி பேரில் பக்கத்துச் சந்துச் சில்லறைச் சாமான்கள் வந்தன, சின்னவள் எடுத்தாள். இருவருக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. கேன்டீன் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு வாரம் சின்னவளின் அடையாள அட்டைப் படம் வந்தது. கீழே, இந்த வாரத்தின் வேகக் கை. அவள் அந்தத் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

என் பக்கத்து மேஜைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "நடக்கிறதைப் பார்த்தா பூனை மாதிரி இருக்கா. திரையில பார்த்தா குதிரை மாதிரி இருக்கா. இதுல எது அவ?" என்றார். நான் டேப் கிழிக்கிற சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

எங்கள் சூப்பர்வைசருக்குக் கடிகாரம் என்று பெயர். யாரோடு பேசினாலும் மணிக்கட்டைப் பார்த்தபடிதான் பேசுவார். பொல்லாதவர் இல்லை. ஒரு நாள் அவர் அண்ணியைத் தேடி வந்தார்.

"அண்ணி, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"முட்டி வலியா? சொல்லுங்க, தப்பில்லை. வயசானா வர்றதுதானே."

"யாருக்கு வயசாச்சு?"

"கோவிச்சுக்காதீங்க. ரொம்ப நாளா உங்க கோடு மஞ்சள்லயே கிடக்கு. மேனேஜர் பார்த்துட்டு, பாவம், நின்னு நின்னு தேய்ஞ்சு போயிட்டாங்கன்னு சொன்னார். உங்களை ரிட்டர்ன் பக்கம் போடச் சொல்லியிருக்கார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நாற்காலி உண்டு."

"எனக்கு நாற்காலி வேண்டாம். நான் இங்கயே இருக்கேன். வேணும்னா நாளைக்கே வேகமா எடுத்துக் காட்டறேன்."

"இத்தனை நாள் ஏன் காட்டலைன்னு கேட்பாங்களே" என்றார் கடிகாரம், மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு.

மறுநாளே அண்ணியை ரிட்டர்ன் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

ரிட்டர்ன் பகுதி குடோனின் மறுகோடியில், மங்கலான கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சாமான்கள் அங்கே வந்து குவியும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, மறுபடி விற்கலாமா, குப்பைக்கா என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அங்கிருந்து சந்துகள் தெரியாது. சந்துகளிலிருந்து அங்கே போக யாருக்கும் அனுமதியில்லை.

சின்னவள் தன் துப்பாக்கியோடு தனியாக நின்றாள். துப்பாக்கிக்கு அவள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. தூரச் சந்து, மேல் தட்டு, கனமான பெட்டி என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அவளை அவளோடுதான் அது ஒப்பிட்டது. நேற்று இந்நேரம் நீ எங்கே இருந்தாய், இன்று எங்கே இருக்கிறாய். முதல் நாள் மதியத்துக்குள் சிவப்பு. மறுநாள் காலையிலேயே சிவப்பு. அவள் ஓட ஆரம்பித்தாள். சந்துகளில் ஓடக் கூடாது என்று பலகை உண்டு, ஓடியதற்கு ஒரு எச்சரிக்கை வந்தது. மெதுவாகப் போனதற்கு இன்னொரு எச்சரிக்கை, அதே நாள். என் மேஜைக்கு வந்த அவள் கூடையில் முதல்முறையாக மூலை நசுங்கிய பெட்டி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் பார்ப்பதையும் பார்த்தாள். "மாத்திட்டு வரவா?" என்றாள். "வேண்டாம், விடுங்க" என்று டேப்பைச் சுற்றினேன்.

அதே வாரம் அவளுடைய பழைய வேகத்தை எடுத்து எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். இனிமேல் பச்சை என்றால் அதுதான் பச்சை. காலைக் கூட்டத்தில் மேனேஜர் வந்து சொன்னார். சின்ன வயசு, சத்தம் போடாதவர், எல்லோரையும் மேடம், சார் என்பார். "நான் புதுசா எதையும் கேட்கலை. நம்ம தளத்துலயே, சேர்ந்து கொஞ்ச நாளான ஒருத்தங்க செஞ்சு காட்டினதைத்தான் கேட்கறேன்" என்றார். எல்லோர் தலையும் சின்னவள் பக்கம் திரும்பியது. அவள் துப்பாக்கியின் திரையைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கெடு முடிகிற சமயத்தில் ஏஜென்சிக்காரர் வந்தார். சின்னவளை வைத்துக்கொள்ளப் போவதில்லை, மாதக் கடைசியோடு அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டதற்குக் கடிகாரம்தான் பதில் சொன்னார். "முடியாதவங்க மேல எனக்குக் கோபம் இல்லைம்மா. முடிஞ்சும் செய்யாதவங்களைத்தான் எங்களால வெச்சுக்க முடியாது. வேலை உறுதியாகப் போகுதுன்னு தெரிஞ்சதும் காலை நீட்டிட்டியேன்னு மேனேஜர் வருத்தப்பட்டார்." அவர் நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். அந்த ஏஜென்சி இன்னும் நாலைந்து குடோன்களுக்கு ஆள் அனுப்புகிறது. அவளைப் பற்றிய குறிப்பு அங்கெல்லாமும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்: வேகமானவள், வேண்டுமென்றே சுணங்குகிறவள்.

அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில், நான் இரண்டு ஆள் தள்ளி நின்றேன்.

"சொல்லிடுங்க அண்ணி" என்றாள் சின்னவள். "மேனேஜர்கிட்ட நேராப் போய்ச் சொல்லிடுங்க. அது என் வேகம் இல்லை, உங்க வேகம்னு."

"சொன்னா?"

"சோம்பேறின்னு எழுதினதை அடிப்பாங்க இல்ல? மெதுவானவன்னு எழுதிக்கட்டும். மெதுவானவளுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். வேணும்னே சுணங்கறவளுக்கு யார் குடுப்பாங்க?"

"என்னையும் தூக்கிடுவாங்க சின்னு."

"உங்களுக்குத்தான் அந்தக் கை இருக்கே அண்ணி. உங்களை எங்க வேணும்னாலும் எடுத்துப்பாங்க." பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். அந்தப் பூட்டு விழற சத்தம் கேட்டா எனக்கு மூச்சே வராது."

"நாளைக்குப் போறேன்" என்றார் அண்ணி. "சத்தியமாச் சொல்லிடறேன்."

மறுநாள் போனார். மேனேஜர் அறையில் நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் பஸ்ஸில் சொன்னார். சொன்னபோது வழக்கத்துக்கு மாறாக ஜன்னலைப் பார்க்கவில்லை, முன் இருக்கையின் கிழிந்த உறையைப் பார்த்தார்.

மேனேஜர் எழுந்து நின்று அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்தார்.

"அந்தப் பொண்ணு விஷயமா வந்தேங்க" என்றார் அண்ணி.

"உங்க நாத்தனார்தானே? எனக்கே கஷ்டமா இருக்கு மேடம். அவங்க ஆரம்பத்துல இருந்த மாதிரியே இருந்திருந்தா இந்நேரம் உறுதி பண்ணியிருப்போம்."

"ஆரம்பத்துலன்னா?"

"சேர்ந்த புதுசுல. மஞ்சள்ல, அப்பப்போ சிவப்புல. அது போதும் மேடம். சேதாரமே இல்லாத கை அவங்களுது, அப்படி ஒருத்தங்க கிடைக்கிறது கஷ்டம். நாங்க பார்க்கிறது வேகத்தை இல்லை, ஏத்த இறக்கத்தை. ஒரே மாதிரி ஓடற ஆள்தான் எங்களுக்கு வேணும். அவங்க திடீர்னு ஏறி, திடீர்னு விழுந்துட்டாங்க."

அண்ணி தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். மஞ்சளே போதும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு ஆரம்பித்தார். "ஒருத்தர் துப்பாக்கியை இன்னொருத்தர் எடுத்து..."

மேனேஜர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "மேடம், அடுத்த வார்த்தையை யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் எழுதணும். எழுதினா ரெண்டு அட்டையும் ரத்து. அந்தப் பொண்ணோட வேகத்தை வெச்சுத்தான் புது அளவு போட்டு மேல அனுப்பியிருக்கேன். அதைத் தப்புன்னு நானே திருப்பி எழுதணும். இதுல யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க? சொல்லலைன்னா ஒருத்தர் போறதோட முடிஞ்சுடும்." குரலில் மிரட்டல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துப்போங்கள் என்கிற மாதிரி இருந்தது. "உங்க சௌகரியம் எப்படி இருக்கு? அந்த நாற்காலி வசதியா இருக்கா?"

"இருக்குங்க" என்றார் அண்ணி.

வேன் வேலை தினமும் கிடைக்கிறதில்லை, வீடு அண்ணியின் சம்பளத்தில்தான் நடக்கிறது, மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இதையெல்லாம் என்னிடம் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நான் கேட்காமலே, "அதெல்லாம் கூட இல்லை" என்றார். "அவர் நாற்காலின்னதும் எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்துடுச்சு. இத்தனை வருஷம் நின்ன காலுக்கு, உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. அதுதான் வாயை மூடிச்சு. வேற எதுவும் இல்லை."

சின்னவள் அவரை எதிர்பார்த்துக் கேன்டீன் வாசலில் நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"நம்பலை. அவங்களுக்காகப் பழியை நீங்க ஏத்துக்காதீங்கன்னுட்டார். குடும்பப் பாசத்துல பேசறேன்னு நினைக்கிறார்."

கொஞ்சம் யோசித்திருந்தாலே இது இடித்திருக்கும்: நம்பாதவர் ஒரு சுற்று எடுத்துக் காட்டச் சொல்லியிருப்பாரே. அவள் யோசிக்கவில்லை. அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லை அண்ணி. நீங்க போய்ச் சொன்னீங்களே, அது போதும். எனக்காக எங்க அம்மாகூட ஒரு இடத்துல போய் ஒரு வார்த்தை பேசினதில்லை."

அண்ணி கைகளை விடுவித்துக்கொண்டு, நேரமாச்சு என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாதம் முடிந்த மறுநாள் வேன்காரர் தங்கையை அவள் புருஷன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு அந்தப் பக்கம் டெலிவரி இருந்தது, ஒரே நடையாக முடித்துக்கொள்ளலாம் என்றார். முன் இருக்கையில் பார்சல்களின் பட்டியலும் சாப்பாட்டுப் பையும் இருந்ததால் அவள் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியாக அண்ணியிடம், "முட்டிக்குத் தைலம் தடவிக்குங்க, மறந்துடாதீங்க" என்றாளாம். அண்ணி வேலையிலிருந்து வந்தபோது வேன் வாசலில் நின்றிருந்தது, காலியாக.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

வேன்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார். "ஒப்படைச்சாச்சு" என்றார். "மாப்பிள்ளை வீட்டுலதான் இருந்தார். ஒண்ணும் சொல்லலை, உள்ளே வான்னார். நல்ல மாதிரியாத்தான் இருந்தார்."

"கதவு?"

"என்ன கதவு?"



புதிய பச்சைக்கு வேலை செய்ய முடியாமல் அதற்குப் பிறகு நிறையப் பேர் போனார்கள், நிறையப் பேர் வந்தார்கள். என் பக்கத்து மேஜைக்காரரும் போனார். ஆள் குறைந்த ஒரு வாரத்தில் கடிகாரம் ரிட்டர்ன் பகுதியிலிருந்து சிலரைத் திரும்பச் சந்துகளுக்குக் கூப்பிட்டார். அவர்களில் அண்ணியும் இருந்தார். நாற்காலி பழகிய முட்டிகள் அவருக்குக் கீழ்ப்படியவில்லை. தள்ளுவண்டியைச் சந்தின் வாயில் நிறுத்திவிட்டுப் போனார், ஆனால் வரும்போது கைநிறைய வரவில்லை. துப்பாக்கியின் கோடு மஞ்சளாகவும் அடிக்கடி சிவப்பாகவும் இருந்தது. அவர் எந்த வேகத்துக்குத் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவர்கள் அந்தத் தளத்தில் இரண்டே பேர், அவரும் நானும்.

இடைவேளையில் கேன்டீனில் ஒரு நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். புதிதாக வந்த ஒருத்தி கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டே திட்டினாள். "யாரோ ஒரு புண்ணியவதி ஓடிக் காட்டிட்டுப் போயிருக்கா. அவ கால் விளங்குமா? நல்ல பேர் வாங்கறதுக்கு நம்ம எல்லார் வயித்திலயும் அடிச்சுட்டுப் போயிட்டா."

"மெல்லப் பேசு" என்றான் லோடு ஏற்றுகிற ஒருத்தன். "அது நம்ம அண்ணியோட நாத்தனார்."

திட்டியவள் சங்கடப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க. ஆனாலும், எதுக்கு அண்ணி அப்படி ஓடினாங்க?"

அண்ணி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மேஜை முழுக்க அவர் வாயைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

"அவ எப்பவுமே அப்படித்தான்" என்றார் அண்ணி. "சொன்னாலும் கேட்கமாட்டா."